மறுசுழற்சி என்ற பெயரில் தூக்கியெறியாதீர்! – ஒரு பழைய சலவை இயந்திரத்தின் சார்பாக



நம் பள்ளிகளில் மறுசுழற்சி இயக்கம் நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. பெற்றோர்கள் மகிழுந்துகளில் பழைய பொருள்களை ஏற்றி வந்து பள்ளித் திடலில் இறக்குகிறார்கள். பழைய இரும்பு வணிகர் எடை போடுகிறார். கிடைக்கும் பணம் பள்ளி நிதிக்குச் சேர்கிறது. மாணவர்கள் பதாகை பிடிக்கிறார்கள். இம்முயற்சியை நான் குறை கூறவில்லை. பலமுறை நானே முன்னின்று நடத்தியிருக்கிறேன்.

ஆனால், அந்தப் பதாகையில் நாம் எழுதி வைக்கும் மூன்று சொற்களின் வரிசையை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? குறைத்தல், மறுபயனீடு, மறுசுழற்சி. முதலாவது குறைத்தல். இரண்டாவது, இருப்பதை மீண்டும் பயன்படுத்துதல். இவ்விரண்டும் இயலாதபோதுதான் மூன்றாவது. நம் மாணவர்கள் இதனை மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். நாமோ முதலிரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதற்குப் பாய்கிறோம். பழுதான பொருளைத் திறந்துகூடப் பாராமல் எடைக்குப் போட்டுவிட்டு, அதற்குச் "சுற்றுச்சூழல் பாதுகாப்பு" என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். இது மறுசுழற்சி அன்று; நன்கு உடுத்திவிட்ட தூக்கியெறிதல்!

இதனை ஏன் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன்? காரணம் ஓர் இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம்.

திடலுக்கு வந்த இயந்திரம்

அப்படிப்பட்ட ஓர் இயக்க நாளில், ஓர் அம்மையார் தம் வீட்டுச் சலவை இயந்திரத்தைக் கொண்டு வந்து இறக்கினார். ஒரு பக்கம் துவைக்கும் தொட்டி, மறுபக்கம் பிழியும் தொட்டி. நம்மவர்கள் 'செமி ஆட்டோ' என்று சொல்லும் வகை. திருகினால் 'டிக் டிக்' என்று ஓடும் கடிகாரக் குமிழ்கள்.

"என்ன பழுது அம்மா?" என்று கேட்டேன்.

"துவைக்குது சார். பிழியுற பக்கம் மட்டும் உம்முனு சத்தம் போடுது, சுத்த மாட்டேங்குது. மாமியார் வாங்கினது. தோட்டத்த விட்டுத் தாமானுக்கு வந்த வருஷம் தவணையில வாங்கினாங்களாம். பழசு சார், போகட்டும்."

அந்த மாமியாரின் தலைமுறையை நான் அறிவேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறும்வரை மரஞ்சீவி, பால் சுமந்து கொட்டிவிட்டு, அதன் பிறகு லயத்துக் குழாயடியிலோ ஆற்றங்கரையிலோ குந்தித் துணி துவைத்த தலைமுறை அது. பால்கறை படிந்த துணி எளிதில் வெளுக்காது. அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்த முதற்கருவி இதுதான்.

சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ஆம் ஆண்டு ஆற்றிய ஓர் உரை புகழ்பெற்றது. தம் வீட்டுக்கு முதல் சலவை இயந்திரம் வந்த நாளில் தம் பாட்டி அதன் முன் அமர்ந்து, அது துவைத்து முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை அதில் அவர் கூறுவார். இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் தம் தாயார் தம்மை நூலகத்திற்கு அழைத்துச் சென்றதாகவும் சொல்வார். நம் தோட்டத்துத் தாய்மார்களின் வரலாறும் இதற்கு அயலானதன்று. ஆனால், அவ்வியந்திரத்தை நாம் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்கிறோம்.

வணிகர் எடை போடுமுன் 30 ரிங்கிட் கொடுத்து அதனை நானே வாங்கிக்கொண்டேன்.

பழுது என்ன?

அடுத்த வாரம் பள்ளி முடிந்தபின், ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் சூழ்ந்து நிற்க, மின் இணைப்பு இல்லாத நிலையில் பின்பக்க மூடியைக் கழற்றினேன். நான் முதலில் தவறான இடத்தில்தான் கையை வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்ப்பட்டை தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து புதிய பட்டை ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். திறந்து பார்த்தால், பட்டை இருப்பது துவைக்கும் தொட்டிக்கு மட்டுமே. பிழியும் தொட்டியோ தன் மோட்டாரின் மீதே நேராக அமர்ந்திருக்கிறது! பார்க்காமலேயே முடிவு செய்யும் ஆசிரியருக்கு இயந்திரம் கற்பித்த பாடம் இது. மாணவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பின்னர் முறைப்படி தேடினோம். பிழியும் தொட்டி சுழலாமைக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, மூடியைத் திறந்தவுடன் தொட்டியை நிறுத்தும் தடை. அதன் கம்பி துருவேறி இறுகிவிட்டால், மூடிய பிறகும் தடை விலகாது. இரண்டு, மூடியின் கீழுள்ள பாதுகாப்பு விசை. அது கெட்டால் மோட்டாருக்கு மின்சாரமே செல்லாது; ஓசையும் எழாது. மூன்று, மின்தேக்கி. கடைக்காரர் மொழியில் 'கப்பாசிட்டர்'.

எங்கள் இயந்திரம் 'உம்' என்று ஒலித்தது. ஆகவே மின்சாரம் மோட்டாருக்குச் செல்கிறது. விசை நன்றாக உள்ளது. கையால் சுழற்றினால் தொட்டி தடையின்றிச் சுழன்றது. ஆகவே தடையும் விலகியிருக்கிறது. எஞ்சியது மின்தேக்கி. இவ்வகை மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் பாயும் மின்னோட்டத்தை மற்றொன்றினின்று சற்றே முன்தள்ளிக் கொடுத்து, மோட்டாரைச் சுழலத் தொடங்கச் செய்வது மின்தேக்கியின் வேலை. காலப்போக்கில் அது வலுவிழந்தால் மோட்டார் முனகும், சுழலாது.

புதிய மின்தேக்கியின் விலை 12 ரிங்கிட். பழையதன் மீது அச்சிட்டிருந்த அதே மைக்ரோஃபாரட் அளவு, அதற்குக் குறையாத வோல்ட் அளவு. மாற்றினோம். தடைக்கம்பிக்கு எண்ணெய் விட்டோம். நீர் வெளியேற்றும் அடைப்பானில் பல ஆண்டுக் கசடும் ஒரு சட்டைப் பொத்தானும் கிடந்தன, அவற்றை எடுத்தோம். மூடியைப் பூட்டி, இணைப்புக் கொடுத்தேன். தொட்டி சுழன்றது.

ஒரு சிறிய மின்தேக்கிக்காக ஒரு முழு இயந்திரம் நசுக்கப்படவிருந்தது. அதில் இருந்த இரும்பையும் செம்பையும் மீட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால், அவற்றை மோட்டாராகவும் தொட்டியாகவும் வடித்த உழைப்பும் எரிபொருளும் மீளுமா?

வந்தது எதிர்ப்பு

மாணவர்கள் வீட்டில் பெருமையுடன் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். கோபம் இல்லை, வருத்தந்தான் தெரிந்தது.

"சார், நான் லோரி ஓட்டுறேன். என் மகன் கையில கிரீஸ் படக் கூடாதுன்னுதான் ராத்திரி பகலா ஓட்டுறேன். நீங்க அவனை ஸ்பானர் பிடிக்கச் சொல்றீங்களே?"

அவருடைய உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். பால்வாளியும் மண்வெட்டியும் நம் மக்களுக்கு விருப்பத்தால் வாய்த்தவை அல்ல. கையால் செய்யும் வேலையை இந்நாட்டில் நம்மீது சுமத்தினார்கள். ஆகவே கைவேலையிலிருந்து தப்புவதே முன்னேற்றம் என்று ஒரு தலைமுறை நம்பியதில் வியப்பில்லை. ஆனால், அவரிடம் நான் கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: கருவியைப் புரிந்துகொண்டு அதனைத் திருத்தும் கையும், பிறர் ஏவிய வேலையைப் புரியாமல் செய்யும் கையும் ஒன்றா? பின்னதிலிருந்து நாம் விடுபட வேண்டும். முன்னதை ஏன் இழக்க வேண்டும்?

அறுவை மருத்துவர் செய்வதும் கைவேலைதான். 'உம்' என்ற ஓசையைக் கேட்டு, மூன்று காரணங்களை அடுக்கி, ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைக் கண்டறிவது நோய்நாடும் முறையே அன்றி வேறென்ன? அவர் மகன் மருத்துவராக விரும்பினால், அந்த மாலை அவனுக்கு வீண் போகவில்லை.

தொடக்கப்பள்ளியில் படிநிலை இரண்டில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடமே வைத்தோம். அறிவியலில் நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும் என்று எளிய எந்திரங்களைக் கற்பிக்கிறோம். அரசாங்கமோ 'திவெட்' எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்விக்கு ஓயாது அழைப்பு விடுக்கிறது. ஆனால், நாம் என்ன செய்கிறோம்? தேர்வில் பின்தங்கிய மாணவனிடம் மட்டும், "உனக்குத் தொழிற்கல்விதான் சரி" என்கிறோம். ஒரு துறையைத் தண்டனையாகக் காட்டிவிட்டு, அதில் நம் பிள்ளைகள் சேரவில்லையே என்று மேடையில் வருந்துவது முறையா?

மூன்று வாதங்களும் என் மறுமொழியும்

சக ஆசிரியர்கள் சிலர் வேறு வாதங்களை முன்வைத்தார்கள். அவற்றில் உண்மையும் உண்டு. மழுப்பாமல் எடுத்துக்கொள்கிறேன்.

1. "பழைய இயந்திரம் மின்சாரத்தையும் நீரையும் விழுங்கும்."

முன்பக்கக் கதவுள்ள புதிய இயந்திரங்கள் குறைந்த நீரில் துவைக்கும் என்பது மெய். ஆனால், மின்சாரக் கணக்கை நாம் குளிர் நாடுகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வெந்நீரில் துவைக்கிறார்கள். செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகிறது. நாமோ குழாய் நீரில் அப்படியே துவைக்கிறோம், வெயிலில் உலர்த்துகிறோம். ஆகவே, புதியதால் இங்கு மிச்சமாகும் மின்சாரம் அங்குள்ள அளவு இராது. மேலும், இரட்டைத் தொட்டியில் ஒரே சவர்க்கார நீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு வண்ணத் துணி, கடைசியாகக் கால்மிதி என்று நம் தாய்மார்கள் துவைத்தார்களே, அந்தச் சிக்கனத்தைத் தானியங்கி இயந்திரம் அறியாது. ஆனாலும், பெரிய குடும்பத்தில் நாள்தோறும் பலமுறை துவைப்பவர்களுக்கு நீர்க்கணக்கில் புதியதே ஏற்றதாக இருக்கலாம். அதனை மறுக்க மாட்டேன்.

2. "பழையதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது."

மின்தேக்கி, வார்ப்பட்டை, பேரிங், ஆயில் சீல் ஆகியவை அளவு பொருந்தினால் போதும். நிறுவனத்தின் பெயர் பொருந்த வேண்டியதில்லை. உண்மையில் பெரும் தொல்லை தருபவை இக்கால இயந்திரங்கள்தாம். பல வடிவங்களில் வெளித்தொட்டியை ஒட்டியே மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு பேரிங் கெட்டாலும் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். மின்னணுப் பலகை கெட்டால் அதன் விலையைக் கேட்டதும் புதியதே வாங்கத் தோன்றும்.

இதனை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டு வந்தது. 2021 மார்ச் முதல், அங்கு விற்கப்படும் சலவை இயந்திரங்களுக்கு, அவ்வடிவத்தின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். கேட்டால் 15 வேலை நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். பிரான்சு நாட்டில் 2021 சனவரி முதல், முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரங்களை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் இட்டு விற்கச் செய்தார்கள். இயந்திரத்துக்கே மதிப்பெண்! நமக்குப் பிடித்த முறைதானே?

ஒரு காலத்தில் நிறுவனங்களே இதனைப் பெருமையாகக் கருதின. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் இருந்த மேடேக் நிறுவனம், பிழியும் உருளைகள் கொண்ட பழைய பாணி இயந்திரங்களை 1983 வரை செய்து வந்தது. தன் இயந்திரம் பழுதாவதே இல்லை, ஆகவே பழுது பார்ப்பவர் வேலையின்றித் தனிமையில் வாடுகிறார் என்று 1967 முதல் விளம்பரம் செய்தது. 2006-இல் அந்நிறுவனம் வேர்ல்பூல் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால், அவ்வியந்திரங்களைத் தேடி வாங்கி, துரு நீக்கி, மீண்டும் ஓடவிடும் ஆர்வலர்கள் அந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். நம்மிடையே பழைய மகிழுந்தை மீட்டெடுப்பவருக்கு மதிப்பு உண்டு. பழைய சலவை இயந்திரத்தை மீட்பவரைக் கண்டால் மட்டும் ஏன் நகைக்கிறோம்? பெண்கள் கையாண்ட கருவி என்பதாலா?

3. "பிள்ளைகளுக்கு ஆபத்து."

இது மிகச் சரியான வாதம். நீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்கும் கருவி இது. ஆகவேதான் வாங்குவதற்கும் திறப்பதற்கும் சில விதிகளை நான் வைத்திருக்கிறேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அ) தொட்டியில் வெடிப்பு இருந்தாலோ அடித்தளம் துருவால் அரிக்கப்பட்டிருந்தாலோ வாங்காதீர்கள். இவற்றைச் செப்பனிடும் செலவு பயனுக்கு மிஞ்சும்.

ஆ) தொட்டியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று ஒலித்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. அடியில் நீர்க்கறை தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. இரண்டையும் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இ) பின்புறத் தகட்டை அவசியம் படியுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. ஜப்பானிலிருந்து வந்த பழைய பொருள் மலிவாகக் கிடைக்கலாம். அது 100 வோல்ட்டுக்குரியது. நேரே செருகினால் எரிந்துவிடும். அமெரிக்க இயந்திரம் 60 ஹெர்ட்சுக்குரியது. மின்மாற்றி வைத்து வோல்ட் அளவைச் சரி செய்தாலும், மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடேறும். அலங்காரப் பொருளாக வாங்குவதென்றால் வாங்குங்கள்.

ஈ) மின்கம்பியின் உறை வெடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றுங்கள். நிலத்தொடர்புக் கம்பி இல்லாத இயந்திரத்தை இயக்கவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி வீட்டில் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

உ) மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனை வெளியேற்றும் முறை அறிந்தவரே தொட வேண்டும். 1970-களுக்கும் அதற்கு முந்திய காலத்துக்கும் உரிய மின்தேக்கிகள் சிலவற்றில் பி.சி.பி. எனப்படும் நச்சு எண்ணெய் இருந்தது. அமெரிக்காவில் 1979-இல் அதன் தயாரிப்பைத் தடை செய்தார்கள். கசியும் பழைய மின்தேக்கியைப் பிள்ளைகள் அருகில் வைக்காதீர்கள்.

ஊ) துணி உலர்த்தும் இயந்திரமானால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. துணியிலிருந்து உதிரும் பஞ்சு உள்ளே படிந்து, சூடேற்றும் கம்பியருகில் தீப்பிடிக்கும். வாங்கியவுடன் முழுவதும் திறந்து, பஞ்சையும் காற்றுப்போக்கியையும் தூய்மை செய்யுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் துண்டித்துக்கொள்ளும் வெப்ப உருகி எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்த பிறகே புதியதை வையுங்கள். அதனை விலக்கிவிட்டுக் கம்பியை நேரே இணைப்பவரிடம் எந்தப் பொருளும் வாங்காதீர்கள்.

எ) மாணவர்கள் முன்னிலையில் இணைப்பு இல்லாத இயந்திரத்தை மட்டுமே திறக்க வேண்டும். மின் இணைப்புச் சோதனை பெரியவர்களின் வேலை. தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவர் உடனிருப்பது நலம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, "இது தேறாது" என்று முடிவானால் தயங்காமல் அனுப்பிவிடுங்கள். மோட்டார்ச் சுருள் எரிந்து, உறையும் கெட்டுவிட்ட இயந்திரத்தைக் கட்டி அழுவது அறிவுடைமை அன்று. எல்லாப் பழையவற்றையும் காப்பாற்றுங்கள் என்பது என் வாதமன்று. திறந்து பார்த்த பிறகு தீர்ப்பு எழுதுங்கள் என்பதே என் வாதம்.

நம் பள்ளிகள் செய்யக் கூடியது

2009-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டீன் போஸ்ட்மா என்னும் அம்மையார், பழுதான பொருள்களை மக்களே கூடிச் செப்பனிடும் 'ரிப்பேர் கஃபே' என்னும் சந்திப்பைத் தொடங்கினார். நமக்கு அருகில் சிங்கப்பூரில் 2014 முதல் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் இதனை நடத்தத் தொடங்கினார்கள். பொருளைக் கொடுத்துவிட்டுப் போவதற்கில்லை. உரிமையாளரும் உடன் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு.

நம்மால் இயலாதா? நம் பெற்றோர்களிடையே மின்பணியாளர்கள் உண்டு. குளிரூட்டி பழுது பார்ப்பவர்கள் உண்டு. பட்டறை நடத்துபவர்கள் உண்டு. பள்ளி விழாவென்றால் அவர்களை நாற்காலி அடுக்கவும் பந்தல் போடவும் அழைக்கிறோம். ஆசிரியராக அழைத்ததுண்டா? தம் தந்தை மேசையருகில் நின்று கற்பிப்பதை ஒரு மாணவன் கண்டால், அவன் தந்தையின் தொழிலை எப்படி நோக்குவான் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. அடுத்த மறுசுழற்சி இயக்க நாளில், தராசுக்கு முன்னால் ஒரு மேசை போடுங்கள். அதன்மீது 'செப்பனிடத் தக்கவை' என்று எழுதி வையுங்கள். தொழில் அறிந்த பெற்றோர் இருவரை அங்கே அமர்த்துங்கள். வருகின்ற ஒவ்வொரு மின்பொருளும் அந்த மேசையைக் கடந்தே தராசுக்குச் செல்லட்டும். தேறியவற்றைச் செப்பனிட்டு, தேவைப்படும் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். விற்று நிதியும் சேர்க்கலாம். நான் 30 ரிங்கிட்டுக்கு வாங்கிய இயந்திரத்திற்குப் பட்டையையும் சேர்த்து 50 ரிங்கிட்டுக்கு மேல் செலவாகவில்லை. அந்தப் பட்டையின் செலவு என் அவசரத்திற்குக் கட்டிய கட்டணம்.

அவ்வியந்திரத்தை அந்த அம்மையாருக்கே திருப்பிக் கொடுக்க முன்வந்தேன். அவர் ஏற்கெனவே புதியது வாங்கிவிட்டார். இப்பொழுது அது பள்ளிக்கு அருகில் உள்ள இன்னொரு வீட்டில், ஐந்து பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறது. லோரி ஓட்டும் அந்தத் தந்தை என் விளக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால், அவர் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதாம். "கப்பாசிட்டரா இருக்குமா சார்?" என்று அவர் மகன் கேட்டான். "அப்பாவோடு சேர்ந்து பார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மாற்றுக் கருத்து உடையவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: எழுதுமுன், உங்கள் வீட்டுப் பின்கட்டில் மூலையில் நிற்கும் பழைய இயந்திரத்தை ஒருமுறை சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்